விருந்தும் குருவும் ஒருவரேயானால்

தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லியில், படிப்பை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குக் குரு சொல்லும் அறிவுரை ஒன்று இருக்கிறது. தாய், தந்தை, ஆசிரியர், விருந்தினர் ஆகிய நால்வரையும் தெய்வமாகக் கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. வரிசையில் ஆசிரியரும் விருந்தினரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஆனாலும் இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்றே அந்த அறிவுரை எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர் ஓரிடத்தில் இருப்பவர், அவரைத் தேடி மாணவன் போகிறான். விருந்தினர் நாள் சொல்லாமல் வருபவர், அதிதி என்ற சொல்லுக்கே திதி இல்லாதவர் என்றுதான் மரபு பொருள் சொல்கிறது. ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெற்றுக்கொள்கிறார். இருவரும் ஒரே ஆளாக வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்று அங்கே பேச்சில்லை.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டுக்கு ஆங்கில ஆசிரியராக வந்திறங்குபவர் அப்படித்தான் நிற்கிறார். வகுப்பறைக்குள் அவர் குரு. வாடகை அறையிலும் பேருந்திலும் ஆசிரியர்களின் ஓய்வறையிலும் அவர் விருந்தாளி. வீட்டாரின் முறைக்கு இசைந்து நடப்பது விருந்தாளிக்கு அழகு. தன் முறைக்கு மாணவரைக் கொண்டுவருவது குருவின் கடமை. காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலைத் தாண்டும்போது ஒரு கடமையிலிருந்து மற்றதற்கு மாறி, மாலை நான்கு மணிக்குத் திரும்பவும் பழையதற்கு வர வேண்டும். எதை விட்டுக்கொடுக்கலாம், எது விட்டுக்கொடுக்கக் கூடாதது, கற்ற கல்விக்கு யாரிடம் கடன்பட்டிருக்கிறோம் என்ற மூன்று கேள்விகளும் இந்த மாற்றத்துக்குள் அடங்கியிருக்கின்றன. மூன்றும் சமயத்தைத் தொடுபவை, மூன்றும் முதல் சில வாரங்களிலேயே எழுபவை.

ஊரின் பெயரிலிருந்து தொடங்கலாம். ரோடிங் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு முற்காலத்தில் ஹைல் என்று பெயர். அந்த ஆற்றை மக்கள் இறங்கிக் கடந்த துறைதான் இல்ஃபோர்ட். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இந்த ஊர் இருக்கிறது. துறை என்ற சொல்லைத் தமிழர் ஆற்றில் இறங்கும் இடத்துக்கும் சொல்கிறார்கள், கல்விப் பிரிவுக்கும் சொல்கிறார்கள். ஆங்கிலத் துறை என்றால் யாருக்கும் ஆறு நினைவுக்கு வருவதில்லை. வடமொழியில் தீர்த்தம் என்ற சொல்லும் இதே வழியில் வந்தது. அதன் முதற்பொருள் ஆற்றைக் கடக்கும் துறை. பிறகு புனித நீர், புனிதத் தலம் என்று விரிந்தது. ஆசிரியர் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள் சதீர்த்தியர் எனப்பட்டார்கள். கரை கடக்க உதவுபவரே ஆசிரியர் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் துறைகாட்டுபவருக்கு அந்த ஆறு பழகியிருக்க வேண்டும். நேற்று வந்திறங்கியவருக்கு இங்கே ஆழம் எங்கே, மேடு எங்கே என்று தெரியாது.

இந்த ஊரின் மிகப் பழைய கட்டடமும் ஊருக்குள் இடம் கிடைக்காதவர்களோடு தொடர்புடையது. இல்ஃபோர்ட் ஹில்லில் பெருஞ்சாலையை ஒட்டி நிற்கும் மருத்துவமனைச் சிற்றாலயம் ஏறத்தாழ 1145இல் தோன்றிய அறக்கட்டளையைச் சேர்ந்தது. பார்க்கிங் கன்னியர் மடத்தின் தலைவி அடெலீசியா, முதுமையாலும் நோயாலும் தளர்ந்த பதின்மூன்று ஆண்களுக்காக அதை நிறுவினார். விரைவிலேயே அது தொழுநோயாளரின் புகலிடமாயிற்று. கான்டர்பரியின் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்ட பிறகு, 1173இல் அவருடைய சகோதரி மேரி அதே மடத்துக்குத் தலைவியானார். சிற்றாலயத்தின் பெயரில் இன்றும் புனித தாமஸ் இருக்கிறார். ஊருக்குள் சேர்க்கப்படாதவர்களுக்கு ஊர் எல்லையில் ஓர் இடம் என்பதுதான் இல்ஃபோர்டில் கல்லில் கட்டப்பட்ட முதல் எண்ணங்களில் ஒன்று. 1879இல் ஆல்ஃபிரட் ஹார்மன் இங்கே புகைப்படத் தகடு செய்யத் தொடங்கியதும், பிறகு ரயில் பாதையை ஒட்டி வீட்டு வரிசைகள் எழுந்ததும், ஈஸ்ட் எண்டிலிருந்து யூதக் குடும்பங்கள் கேண்ட்ஸ் ஹில் பக்கம் வந்ததும், பஞ்சாபியரும் குஜராத்தியரும் வங்காளியரும் வந்ததும், 1983க்குப் பிறகு ஈழத் தமிழர் வந்ததும் அந்த வரிசையில் அடுத்தடுத்த அலைகள். இல்ஃபோர்டை உள்ளடக்கிய ரெட்பிரிட்ஜ் பெருநகர்ப் பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3,10,000 பேர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் 30 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஏறத்தாழச் சம அளவினர். இந்துக்கள் ஏறத்தாழ 11 சதவீதம். ஆகவே புதிய ஆசிரியர் விருந்தாளியாக வரும் வீட்டில் வீட்டுக்காரர் யார் என்பதே உடனே விளங்குவதில்லை.

கடன் பற்றிய கேள்விதான் இந்த மூன்றில் கூர்மையானது. தமிழில் அதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இலக்கணத்துக்குள் நுழையும் முன் ஆசிரியர் யார் என்று ஆராய்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை. ஆசிரியராகத் தகாதவருக்கு நான்கு உவமைகள்: போட்ட முறை மாறி வெளிவரும் கழற்காய்க் குடம், தன்னை யாரும் நெருங்கவிடாத மடற்பனை, திணித்துத் திணித்து அடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகவே வெளிவிடும் பருத்திக் குண்டிகை, கடைசியாக முடத்தெங்கு. வேருக்கு நீர் வார்த்தவன் ஒருவன். மரம் வளைந்து வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் தேங்காயைப் போடுகிறது. தனக்கு உதவி வழிபட்டவர்களை விட்டுப் பிறருக்குக் கல்வியைக் கொடுப்பவர் அந்த மரம் போன்றவர் என்கிறது நன்னூல்.

கடல் கடந்து போகும் ஆசிரியரைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் சொன்னதில்லை. தஞ்சாவூரிலோ பருத்தித்துறையிலோ அரசுப் பணத்தில் நடந்த பள்ளியில் படித்து, அரசுக் கல்லூரியில் பயிற்சி பெற்று, பத்து ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளிடம் தவறு செய்து செய்தே கற்பிக்கப் பழகியவர், கை தேர்ந்த பிறகு அந்தத் தேர்ச்சியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகிறார். நீர் வார்த்தவர்களுக்கு நிழல்கூட மிஞ்சுவதில்லை. இது கற்பனைக் குற்றச்சாட்டும் அன்று. கரீபியத் தீவுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்து பிரிட்டன் ஆசிரியர்களைத் திரட்டிக்கொண்டு போனதைப் பற்றிய முறையீடு 2002இல் பார்படோஸில் வைத்துக் காமன்வெல்த் நாடுகளிடையே பேசப்பட்டது. 2004 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் ராச்ஃபோர்டில் கூடிய கல்வி அமைச்சர்கள் காமன்வெல்த் ஆசிரியர் பணியமர்த்த நெறிமுறையை ஏற்றார்கள். ஆசிரியர் விரும்பிய நாட்டுக்குப் போகும் உரிமையும், அனுப்பும் நாட்டின் கல்வி நலிந்துவிடாமல் காப்பதும் இரண்டும் அதில் உண்டு. சட்டக் கட்டாயம் இல்லாத ஆவணம்தான். என்றாலும் முடத்தெங்கு என்ற கேள்வியை அரசுகள் ஒப்புக்கொண்டு எழுதி வைத்த முதல் இடங்களில் அது ஒன்று.

மறுபக்கத்தையும் தமிழ் மரபுதான் காட்டுகிறது. காஞ்சியிலிருந்து போன தர்மபாலர் நாலந்தாவின் தலைமை ஆசிரியரானார். அவருடைய மாணவர் சீலபத்திரர், சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங்குக்குக் கற்பித்தார். தென்னாட்டிலிருந்து கடல் வழியே போன வஜ்ரபோதி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் ஆசிரியராக ஏற்கப்பட்டார். இவர்களை முடத்தெங்கு என்று யாரும் சொன்னதில்லை. பௌத்தத்தில் தர்மத்துக்கு வேலி இல்லை. எந்தத் தோட்டத்தில் விழுந்தாலும் காய் காய்தான். நன்னூலும் நிலத்தின் தூரத்தை அளக்கவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. அது பேசுவது உறவைப் பற்றி, வழிபட்டவரை மறப்பதைப் பற்றி. அப்படியானால் கடன் அழிவதில்லை, ஆனால் அதைத் தீர்க்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஊரில் தன் பழைய பள்ளிக்குக் கோடை விடுமுறையில் போய் உட்கார்ந்து பாடம் நடத்துவது ஒரு வழி. இல்ஃபோர்டின் வகுப்பறையிலேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை வவுனியாவிலிருந்து வந்த தாயின் பிள்ளையாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டம் என்று நினைத்த இடத்தில் வேர் விட்டிருப்பது நம் தோட்டத்து விதையே. ஆனாலும் இந்தச் சமாதானத்தை மிக விரைவாக ஏற்றுக்கொள்பவரைப் பற்றித்தான் பவணந்தியின் எச்சரிக்கை.

கடல் கடப்பதே பாவம் என்ற பழைய தடை இன்று பெரும்பாலும் செல்லாக்காசு. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களோடு சேர்த்தது. 1888இல் லண்டன் புறப்பட்ட காந்தி தம் சாதியாரால் விலக்கப்பட்டார். 1914இல் கேம்பிரிட்ஜ் போகும் முன் ராமானுஜனுக்கும் இந்தத் தயக்கம் இருந்தது. தமிழ் மரபு இதில் அவ்வளவு கறாரானதல்ல. கொன்றைவேந்தன் கடலோடிப் பொருள் தேடச் சொல்கிறது. தொல்காப்பியம் தலைவன் பிரிந்து போகும் காரணங்களில் கல்வியையும் தூதையும் பொருளையும் எண்ணி, கல்விக்காகப் பிரிவது மூன்று ஆண்டைத் தாண்டலாகாது என்கிறது. கற்பிப்பதற்காகப் பிரிவது அந்தப் பட்டியலில் இல்லை. பெண் கடல் கடப்பதும் அங்கே விலக்கு. இன்று இல்ஃபோர்டில் வந்திறங்கும் ஆசிரியர்களில் தனியாக வரும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும், ஊரில் குழந்தையோடு காத்திருப்பவர் தலைவனாக இருக்கலாம் என்பதையும் அகத்திணை கண்டிருந்தால் அதற்கும் ஒரு துறை வகுத்திருக்கும்.

எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே முன்வருகிறது. இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடக்க வேண்டும் என்பது 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலிருந்து வரும் விதி. 1988ஆம் ஆண்டின் சட்டம் அந்த வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. வேற்றுச் சமயப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகள், அந்தந்த வட்டாரத்துச் சமயக் கல்வி ஆலோசனைக் குழுவிடம் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். நடைமுறையில் பல இடைநிலைப் பள்ளிகளில் அசெம்பிளி என்பது தலைமையாசிரியரின் பேச்சு, ஒரு கதை, ஒரு நிமிட மௌனம் என்று சுருங்கிவிட்டது. ஆனாலும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பாடல் ஒலிக்கும், தலைகள் குனியும். புதிய ஆசிரியர் தம் வகுப்பை வரிசையாக அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிறார். தலை குனிய வேண்டுமா?

சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் பள்ளித் தரச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, உள்ளாட்சியின் பொதுப் பள்ளியில் எந்த ஆசிரியரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, கலந்துகொள்ளாததற்காகப் பதவி உயர்வை மறுக்கவும் முடியாது. தேவாலயம் நடத்தும் பள்ளிகளுக்கு விதி வேறு. இந்த உரிமையின் வேர் 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. சமய போதனை பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் இருக்க வேண்டும், பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்று அது வகுத்தது. இந்த மனச்சாட்சி விதிக்காகத் தமிழ் மண்ணில் மிஷன் பள்ளிகளுக்கு எதிரே நீண்ட காலம் குரல் எழுப்ப வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அதே உரிமையைச் சட்டப் புத்தகத்தில் எழுதிக் கையில் கொடுக்கும் நாட்டில் வந்து நிற்பதன் எடை புரியும்.

ஆனால் செய்யாமலிருக்கும் உரிமை இருப்பதால் செய்யாமலிருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. இங்கே இரண்டு முன்னோர்கள் உதவுகிறார்கள். இருவரும் ஆசிரியர்கள், இருவரும் அந்நிய சமயத்தின் நடுவே நின்றவர்கள்.

முதலாமவர் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர். இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். வந்த சில காலத்திலேயே காவி உடுத்து, புலால் விட்டு, குடுமியும் சந்தனமும் தரித்து, தமிழும் வடமொழியும் பயின்று, தத்துவ போதகர் என்ற பெயரில் அறியப்பட்டார். சக பாதிரிமார்கள் அவர் சமயத்தையே கைவிட்டார் என்று ரோமுக்கு எழுதினார்கள். நொபிலியின் வாதம் எளிமையானது: குடுமியும் நூலும் சந்தனமும் அந்த நாட்டாரின் குல வழக்கு, சமுதாய அடையாளம், அவற்றை ஏற்பதால் நம்பிக்கை மாறுவதில்லை. பல ஆண்டுகள் இழுத்த வழக்கில் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். விருந்தாளி உடுப்பதும் உண்பதும் வீட்டார் முறைப்படி, உள்ளே வைத்திருப்பது தன் முறைப்படி என்ற கோடு இங்கே கிழிக்கப்பட்டது.

இரண்டாமவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் நடத்திய வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே இளம் வயதில் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். பைபிளைத் தமிழாக்கும் பணியில் பெர்சிவலுக்குத் துணை நின்றார். இத்தனையும் செய்தபோது அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. 1848இல் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1872இல் சைவப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலப் பள்ளி ஒன்றும் தொடங்கினார்; பொருள் முட்டுப்பாட்டால் அது நிலைக்கவில்லை. தன் சமயத்தை மறைக்காமல் பிறர் வேதத்துக்குத் தமிழ் நடை அமைத்துக் கொடுத்தவர் அவர். நொபிலி வெளியை மாற்றி உள்ளைக் காத்தார். நாவலர் வெளியைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் உழைப்பை நேர்மையாகக் கொடுத்தார்.

சைவ சித்தாந்தம் இந்த இருவருக்கும் கீழே ஓர் அடித்தளத்தைத் தருகிறது. உயிர் எதைச் சேர்கிறதோ அதன் தன்மையைப் பெறும் இயல்புடையது என்பது மெய்கண்டார் வழிவந்த கொள்கை. சார்ந்ததன் வண்ணமாதல் என்று அதற்குப் பெயர். படிகக் கல் உவமை. சிவப்புத் துணி மேல் வைத்தால் சிவப்பாகத் தெரியும், நீலத்தின் மேல் நீலம். இல்ஃபோர்டில் முதல் மாதத்தில் நடப்பது இதுவே. பேச்சில் சாரி, தாங்க் யூ பெருகுகிறது. வானிலை பற்றிப் பேசப் பழக்கமாகிறது. வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரிடமிருந்து ஓர் அடி கூடுதலாக விலகி நிற்கக் கால் கற்றுக்கொள்கிறது. இதைக் கண்டு தன்னை இழந்துவிட்டதாக அஞ்சுபவர்கள் உண்டு. சித்தாந்தத்தின் பார்வையில் நிறம் ஏற்பது உயிரின் குறை அல்ல, இயல்பு. எதன் அருகில் தன்னை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. அசெம்பிளியில் பிறர் வேண்டும்போது மரியாதையாகத் தலை குனிந்து நிற்பது படிகம் நிறம் ஏற்பது போன்றது. வாய் திறந்து அந்த வேண்டுதலைத் தானும் சொல்வது வேறு செயல். உள்ளத்தில் இல்லாததைக் கடவுளை நோக்கிச் சொல்வது கிறிஸ்தவருக்கும் செய்யும் அவமரியாதை. நிற்கலாம், குனியலாம், சொல்ல வேண்டாம் என்பதே இங்கே பொருந்தும் வழியாகத் தோன்றுகிறது. எழுந்து வெளியே போகும் உரிமையை, உண்மையிலேயே மனம் ஒப்பாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியரின் சமயம் வகுப்பறைக்குள் எவ்வளவு தெரியலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் தரநிலைகளின் இரண்டாம் பகுதி, ஆசிரியர் தம் சொந்த நம்பிக்கைகளை மாணவர்களின் பலவீனத்தைப் பயன்படுத்தும் விதத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், பிற சமயத்தாரிடம் மதிப்பும் பொறுமையும் ஆகியவற்றைக் குலைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நன்னூலின் துலாக்கோல் நடுநிலை பிறழாமல் நிற்பது. அந்த உவமையின் இன்றைய சட்ட வடிவம் என்று இதைக் கொள்ளலாம். திருநீறு பூசிய ஆசிரியர் கிறிஸ்தவ உருவகங்கள் நிறைந்த ஒரு கவிதையை முஸ்லிம் மாணவருக்கு விளக்குவது இல்ஃபோர்டில் சாதாரண நிகழ்வு. மூன்று வேதங்களின் நிழல் விழும் அந்த நாற்பது நிமிடத்தில் எந்தத் தட்டும் தாழாமல் பார்த்துக்கொள்வது, எந்தச் சுற்றறிக்கையும் கற்றுத்தர முடியாத திறன்.

மதிப்பு என்பது அடுத்த சோதனை. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் உள்ளே நுழைந்தால் வகுப்பு எழுந்து நிற்கும். விஜயதசமியில் காலைத் தொட்டு வணங்கும் பிள்ளைகளும் உண்டு. இங்கே ஆசிரியர்தான் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். குரு விருந்தோம்புகிறார்! முதலில் இது தலைகீழாகத் தெரியும். ஆனால் குறளின் விருந்தோம்பல் அதிகாரம், முகம் சற்றே வேறுபட்டு நோக்கினாலும் விருந்தினர் அனிச்ச மலரைவிட விரைவாக வாடிவிடுவார் என்கிறது. அந்தச் சிறுவர்களும் அந்தப் பள்ளியில், அந்த ஊரில், சில சமயம் அந்த நாட்டில் புதிதாக வந்தவர்கள். ஆசிரியரின் முதல் பார்வையில் வாடியவர்கள் திரும்ப மலர மாதங்கள் ஆகும். அதே அனிச்சம் ஆசிரியர்களின் ஓய்வறையில் ஆசிரியருக்கும் பொருந்துகிறது என்பதை அவரை வேலைக்கு எடுத்தவர்கள் மறக்கலாகாது.

மதிப்பிழப்பு வெறும் மனக்குறையாக நிற்பதில்லை. அது ஆவணத்திலும் எழுதப்படுகிறது. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர் தகுதிபெற்ற ஆசிரியர் என்ற இங்கிலாந்துச் சான்று இல்லாமல் நான்கு ஆண்டுகள் வரை கற்பிக்கலாம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் தகுதிபெறாத ஆசிரியர் என்ற பெயரிலும் அதற்குரிய சம்பளத்திலும். 2023 பிப்ரவரி முதல் இந்தியா, நைஜீரியா, கானா, ஜமைக்கா உள்ளிட்ட நாடுகளில் பயின்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்தது. ஆனால் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிப்பவர்களுக்கு மட்டும். பதினைந்து ஆண்டு கற்பித்தவரைத் தகுதிபெறாதவர் என்று அழைக்கும் தாளில் கையெழுத்திடும்போது ஆணவம் எரிகிறது. ஆணவம் எரிவது ஆன்மிகத்தில் நல்லது என்று யாரும் அவருக்கு உபதேசிக்கக் கூடாது. அந்த எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது. அவருக்கு முன் வந்தவர்கள் இதைவிட அதிகம் இழந்தார்கள். இலங்கையில் ஆசிரியராகவும் வங்கி அதிகாரியாகவும் இருந்த அ. சிவானந்தன் 1958 கலவரத்துக்குப் பின் லண்டன் வந்து, நூலகப் பணியின் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார். கயானாவிலிருந்து வந்து, விமானப் படையில் பணிபுரிந்து, பொறியியல் வேலை நிறத்தால் மறுக்கப்பட்ட இ. ஆர். பிரெய்த்வெய்ட் ஸ்டெப்னியில் ஆசிரியரானார். அந்த அனுபவம் 1959இல் நூலாக வந்தது. 1983க்குப் பின் வந்த எத்தனையோ ஈழத்து ஆசிரியர்கள் பெட்ரோல் நிலையத்திலும் கடைகளிலும் இரவு வேலை பார்த்தே ஓய்வு வயதை எட்டினார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மட்டும் அவர்கள் திரும்பவும் வாத்தியார் ஆனார்கள்.

பிறர் மொழியை அவர்களுக்கே கற்பிக்க ஒருவருக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் மாணவரும் இருப்பார். இந்தக் கேள்விக்கு மேனர் பார்க்கின் சர்ச் ரோட்டில், இல்ஃபோர்டுக்கு அருகிலேயே கோயில் கொண்டிருக்கும் முருகனின் கதை பதில் சொல்கிறது. சுவாமிமலையில் மகன் குருவாக அமர்ந்து தந்தைக்குப் பிரணவத்தை உபதேசித்தான். அந்தப் பிரணவம் சிவனுக்குத் தெரியாததன்று, சிவனுடையதே. இருந்தும் கேட்பவர் கைகட்டிக் கேட்டார். ஒரு பொருள் யாருடையது என்பதும் அதை யார் விளக்க முடியும் என்பதும் தனித்தனி என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. தாய்மொழியாகப் பேசுபவர் எண்ணாமல் தாண்டிப்போகும் இலக்கணத்தை, விதியாகக் கற்றுத் தேறியவர் நின்று காட்ட முடியும். சோமாலியாவிலிருந்தோ ருமேனியாவிலிருந்தோ வந்த பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்பது அதே இடத்தில் ஒருமுறை விழுந்தவருக்கே முன்கூட்டித் தெரியும்.

உணவில் குரு, விருந்தாளி என்ற இந்தச் சிக்கல் வேறு வடிவில் அவிழ்கிறது. இல்ஃபோர்டின் ஹை ரோட்டில் குருத்வாராக்கள் இருக்கின்றன. அவற்றில் நாள்தோறும் லங்கர் என்ற பொதுப்பந்தி நடக்கிறது. தரையில் வரிசையாக உட்கார்ந்து சப்பாத்தியும் பருப்பும் உண்பவர்களில் புதிதாக வந்த மாணவரும் வேலை தேடுபவரும் ஊர்க்காரரும் உண்டு. நேற்று உண்டவர் இன்று பரிமாறலாம். விருந்தினர், வீட்டார் என்ற பிரிவையே சீக்கிய மரபு அந்தக் கூடத்தில் கலைத்துவிடுகிறது. சமைக்கக்கூட வசதியில்லாத வாடகை அறையிலிருந்து வரும் ஆசிரியருக்கு வயிறு நிறைவதோடு, கொடுப்பதும் பெறுவதும் ஒரே ஆளிடம் எப்படி அமையும் என்பதற்கு ஓர் உதாரணமும் அங்கே கிடைக்கிறது.

இடமும் காலமும் பற்றிய குழப்பம் சிறியதுபோல் தோன்றினாலும் நாள்தோறும் வருவது. சங்கற்பத்தில் இடம் சொல்லும்போது ஜம்புத் தீவில், மேருவுக்குத் தெற்கே, பரத கண்டத்தில் என்று சொல்லியே பழகியது. லண்டனில் எந்தத் தீவு, எந்தக் கண்டம் என்று அர்ச்சகர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கை வகுத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டர் ராகு காலத்தை ஒன்றரை மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும். அது பகற்பொழுதை எட்டாகப் பகுத்ததில் ஒரு பங்கு, பகல் பன்னிரண்டு மணி நேரம் என்ற கணக்கில். இல்ஃபோர்டில் டிசம்பர் இறுதியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஆகவே ராகு காலம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஜூனில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. சாத்திரம் சூரியனைப் பின்பற்றச் சொல்கிறதா, அச்சகத்தைப் பின்பற்றச் சொல்கிறதா என்று கேட்டால் விடை எளிது. காலண்டரைக் கிழித்துக்கொண்டே அந்த ஊரின் உதயத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டியதுதான்.

பள்ளியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. நவராத்திரி சில வாரங்களில் வந்துவிடும். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைத் தேவியின் முன் அடுக்கி, அன்று படிக்காமலிருந்து, மறுநாள் விஜயதசமியில் எடுத்துத் தொடங்குவது ஊர் வழக்கம். 2025இல் அந்தப் பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை வந்தது. தமிழ்நாட்டில் விடுமுறை, இங்கிலாந்தில் பாட நாள். புத்தகத்தைத் தொடக் கூடாத நாளில் புத்தகம் கற்பிக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் என்ன செய்வார்? விரதத்தின் கருத்து கல்வியை வணங்குவது என்றால், முப்பது பிள்ளைகளின் எதிரே அதைத் திறப்பதும் அந்த வணக்கத்தில் சேரும் என்று கொள்வோர் உண்டு. காலையில் பள்ளி கிளம்பும் முன் ஒரே ஒரு நூலை, தான் முதலில் ஆங்கிலம் கற்ற நூலையோ தமிழில் எழுத்தறிந்த நூலையோ, அலமாரியில் விளக்கின் பக்கத்தில் வைத்து, அதை மட்டும் மறுநாள் வரை தொடாமல் விட்டுவிட்டு, மற்றவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடப்பது இன்னொரு வழி. வியாழன் மாலை திரும்பி வந்து அதை எடுத்து ஒரு பக்கம் படித்தால் விஜயதசமி முடிந்தது.